நான் எங்கடா

குகையில் ஒரு மாடி. கீழே பதினாறு விசைத்தறி.
ராத்திரி பத்தரைக்குத் தறி நின்றால்தான்
எங்களுக்கு ரெக்கார்டிங்.
அதுவரை படிக்கட்டில் உட்கார்ந்து
பரோட்டா தின்றோம். நாலு பொட்டலம்,
மூன்று பேர்.
முதல் வாரம் யாரும் கணக்கைத் திருத்தவில்லை.
அடுத்த வாரம் நாலாவதை இம்தியாஸ் பிரித்தான்.

பூபதி பகலெல்லாம் செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குப் பற்றவைப்பவன்.
விரலில் வெள்ளி கறுப்பாக ஏறியிருக்கும்,
சோப்புக்குப் போகாது.
பேஸ் கிட்டாரின் கழுத்தில், மூன்றாம் கட்டையருகே,
அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது.
ஆஸ்பத்திரி பில்லுக்காக அவன் அண்ணன்
அதை அடகு வைத்திருந்தார். தப்பு சொல்ல ஒன்றுமில்லை.
மீட்டோம், பதினோராயிரத்து நானூறு.
ரசீதில் எழுதியிருந்தது: மரச் சாமான், ஒன்று.

ஆத்தூரிலிருந்து கடைசி பஸ்ஸில் வருகிற பையன் கேட்டான்,
"கம்பி துருப்பிடிச்சிருக்குண்ணே, மாத்திக்கட்டா?"
கோதண்டம் டிரம்ஸை விட்டு எழுந்து
வெளியே போய்விட்டான்.
மாத்திக்க, என்றேன்.
நன்றாக வாசித்தான்.
பூபதியைவிட நன்றாக வாசித்தான்.
இதை நாங்கள் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

ஏழாவது பாட்டு
பூபதி போனில் முனகி அனுப்பிய மெட்டு.
நாற்பத்தொரு நொடி.
பின்னால் பட்டறைச் சுத்தியல், யாரோ டீ கேட்கிறார்,
நடுவில் அவனுடைய இருமல்.
அன்றைக்கு அது வெறும் இருமல்.
ஜோயல் ஹெட்போனைக் கழற்றினான்.
"இருமல எடுத்துரட்டுமா?"
இருக்கட்டும், என்றான் ரூபன்.
இருக்கட்டும், என்றான் கோதண்டம்.
எடுத்துவிடச் சொன்னது நான்தான்.
ஏன் என்றார்கள்.
சுதி சேரல, என்றேன்.
டீ கேட்டவரை விட்டுவைத்தோம்.

மிக்ஸ் முடிந்த விடியலில்
ரூபனின் ஆம்னியில் ஏற்காடு ஏறினோம்.
வண்டியில் போட்டுக் கேட்டால்தான்
பாட்டின் யோக்கியதை தெரியும் என்பது ஜோயல் சட்டம்.
நாலாவது கொண்டை ஊசியில் ஒரு குரங்கு வழிமறித்தது.
கண்ணாடியில் ஊர் விளக்கணைக்காமல் கிடந்தது,
அதற்கப்பால் மாக்னசைட் தோண்டிய வெள்ளைக் கரடு.
கிட்டார் கேட்டது. தாளம் கேட்டது.
என் குரல் தேவைக்கு மேல் கேட்டது.
பேஸ் இல்லை.
அந்த ஸ்பீக்கருக்கு அது எட்டாது, என்றைக்குமே.
முதல் ஆல்பத்தை இதே வண்டியில் போட்ட அன்று
பின் சீட்டிலிருந்து பூபதி எக்கி
வால்யூமைத் திருகித் திருகிக் கேட்டான்:
"ஏன்டா, இதுல நான் எங்கடா?"
சிரித்தோம். அவனும்தான்.

பதினான்காவது வளைவில்
இம்தியாஸ் லேசாக முன்னால் சாய்ந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஸ்பீக்கர் வலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.
ரூபன் இரண்டாம் கியருக்கு இறக்கினான்.
வண்டி அடிக்குரலில் முனகிக்கொண்டே
ஏறியது.