நிலை: ஸ்பின்ஸ்டர்

பேட்லியிலிருந்து மின்னஞ்சல்.
பன்னிரண்டாயிரம் பனியனும் ஷாடியாம்.
கழுத்துப்பட்டி சுருங்குகிறதாம்,
நீலம் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறதாம்.
முதலாளி கேட்டார்:
"ஷாடின்னா ஏனுங் அம்மிணி, கெட்ட வார்த்தையா?"
மட்டம்னு அர்த்தங், என்றேன்.

அவர் போனதும் ஒரு சந்தேகம்.
காதர்பேட்டையில் எடைக்கு வந்த கட்டுக்குள்
எனக்குக் கிடைத்த அகராதி ஒன்று உண்டு.
ஒவ்வொரு சொல்லுக்கும் வயதும் பிறந்த ஊரும் சொல்லும்.
பாதிப் பக்கங்களில் கரையான் கையெழுத்து.

ஷாடி:
கந்தலைக் கிழித்துப் பஞ்சாக்கி
மறுபடி நூற்ற நூல்.
அவ்வளவுதான்.
திட்டு இல்லை, சரக்கின் பெயர்.
பிறந்த ஊர், பேட்லி.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
வெள்ளகோவில் பக்கம் ஓ.ஈ. மில்களில்
எங்கள் கட்டிங் வேஸ்ட்டைத் தின்றுவிட்டு
ராத்திரி முழுக்கக் கலர் நூல் துப்புகின்றன மிஷின்கள்.
அவர்கள் பாட்டன் செய்த தொழில்
இங்கே நன்றாகத்தான் இருக்கிறது.
சொல்தான் அங்கே கெட்டுப்போனது,
ஏதோ ஒரு சண்டையில்
சிப்பாய்களின் சட்டை மழைக்குக் கரைந்த நாளில்.

அப்புறம் தூக்கம் எங்கே.

பனியன்:
குஜராத்தி வணிகன் ஒருவனின் சாதிப் பெயர்.
போர்த்துகீசியன் வாயில் விழுந்து
ஆங்கிலேயன் வாய்க்கு மாறி
ஆள் போய் அவன் அங்கியாகி
அங்கி குட்டையாகி வேர்வைக்குள் புகுந்து
கடைசியில் ஒரு ஊரே ஆயிற்று.
வணிகனைக் கழற்றி எறிந்துவிட்டு
சட்டையை வைத்துக்கொண்டோம்.

டென்டர்ஹூக்ஸ்:
ஈரத்துணியை இழுத்து மாட்டும் கொக்கிகள்.
நெஞ்சு அப்படி மாட்டிக் கிடந்தால்
அதற்கும் அதே சொல்.
ராத்திரி பதினொன்றே கால்.
பிராசஸிங்கில் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன்.
"துணி ஸ்டென்டர்ல ஏறிருச்சுங்,
ஊசி பிடிச்சிருக்குது, சித்தெ பொறுங்."
அவருக்கு எதற்கு அகராதி?
அர்த்தத்தைச் சுடச்சுடக் கையில் வைத்திருக்கிறார்.

ஒரு பக்கத்தை மட்டும்
இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

போன ஆவணியில் அவிநாசி பத்திர ஆபீஸ்.
பாகப்பிரிவினை.
அந்தக்கால இங்கிலீசில் எழுதியிருந்தார் எழுத்தர்:
தங்கநாயகி, வயது நாற்பத்து மூன்று, ஸ்பின்ஸ்டர்.
ஒறம்பரை பத்துப் பேர் முன்னால்
அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தான்,
பல்லில் ஏதோ சிக்கியவன் மாதிரி.

ஸ்பின்ஸ்டர்:
நூற்பவள்.
கொல்லன், தச்சன் என்பதுபோல
பெயருக்குப் பின்னால் எழுதிய தொழில்.
போகப்போகக் கதிரைப் பிடுங்கிக்கொண்டு
கல்யாணமாகாதவள் என்று மட்டும்
மீதி வைத்தார்கள்.

பதினேழு வயதில்
பல்லடம் தாண்டி ஒரு மில்லுக்கு வேன் ஏறினேன்.
சுமங்கலித் திட்டம்.
மூன்று வருசம் சைடர் வேலை.
ரிங் ஃபிரேம்களின் சந்தில்
அறுந்த இழையை ஒட்டி ஒட்டி நடந்தது
ராமேஸ்வரம் போய்த் திரும்பும் தூரம் இருக்கும், பல தடவை.
முடிவில் தாலிக்கென்று மொத்தமாய் ஒரு தொகை.
அது அண்ணன் தோட்டத்தில்
எண்ணூறு அடி ஆழம் இறங்கிப் பார்த்தது.
புழுதிதான் வந்தது.

அங்கே,
நூற்றவளைக் கல்யாணமாகாதவள் என்றார்கள்.
இங்கே,
கல்யாணமாகட்டும் என்று நூற்கவிட்டார்கள்.
இரண்டு சொல்லையும்
ஒரே உடம்பில் போட்டுப் பார்த்தவள் நான்.
தோளில் பிடிக்கிறது ஒன்று,
இன்னொன்று கக்கத்தில்.

விடிந்ததும் பதில் அடித்தேன்.
அன்புள்ள கிரகாம்,
மூன்று சதவீதம் தள்ளுபடிக்கு முதலாளி சம்மதம்.
ஆனால் இது ஷாடி இல்லை.
உங்களுக்கு ஷாடி வேண்டுமென்றால்
எங்கள் பக்கம் அருமையாகக் கிடைக்கும்.

கீழே பெயர்.
பெயருக்குக் கீழே மெர்ச்சண்டைசர் என்பதை அழித்து
ஸ்பின்ஸ்டர் என்று அடித்தேன்.
அனுப்பியும் விட்டேன்.

மத்தியானம் பதில் வந்தது.
அந்தச் சொல்லைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.

ஷாடி கிலோ என்ன விலை
என்று கேட்டிருந்தார்.