மூணு, நாலு, ஏழு

ஏகாம்பரகுப்பத்தில் அந்த வீட்டுத் தறிகள் பத்து நாள் நின்றன.
பதினோராம் நாள் ஒன்று மட்டும் ஓடியது.
தேசம்மாளின் தறிமேல் அவள் சேலையே போர்த்தியிருக்க
நான் டேப்பைத் திறந்தேன்.
‘என்னி கான்புலு’ என்றது தெலுங்குக் கட்டம்.
எத்தனை பேறு என்று தமிழில் கேட்டேன்.

மூணு, என்றார் முனிரத்தினம்,
வாசலில் நின்ற மூன்று தலைகளையும் எண்ணி.
மூத்தவள், நாலு என்றாள்.
எனக்கு முந்தி ஒண்ணு. பேர் வெக்கல.

தார் சுற்றிக்கொண்டிருந்த பங்கஜவல்லி நிமிரவில்லை.
ஏழு.
அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிந்துகொண்டே சொன்னாள்:
மொதோ தடவை எட்டாம் மாசம், மூஞ்சிலாம் வீங்கி
தறி மேலயே சாஞ்சா. வெட்டு இழுத்துச்சு.
திருத்தணிக்குத் தூக்கிகினு ஓடினோம். புள்ள தங்கல.
அப்புறம் இவ.
அப்புறம் ரெண்டு கலைஞ்சிது,
ஒண்ணு தீவாளி ஆர்டரப்போ, மறுநாளே தறிக்கு வந்துட்டா.
அப்புறம் இவனுங்க ரெண்டு பேரும், புத்தூர்ல.
கடைசியா ஒண்ணு

அங்கே நிறுத்தி முனிரத்தினத்தைப் பார்த்தாள்.
அவர் ராட்டையைப் பார்த்தார்.

பரண் பெட்டியிலிருந்து இரண்டு அட்டைகள் வந்தன.
திருத்தணி அட்டையில் தமிழில்: 170/110.
புத்தூர் அட்டையில் தெலுங்கில்: முன்பு சிக்கல் எதுவும் இல்லை.
நடுவே ஒரு சோதனைச்சாவடி,
பால் வண்டிகூட நிற்காமல் போகிற இடம்.
இந்தக் காகிதம் மட்டும் கடக்கவில்லை.
ரத்தம் இருபத்தேழு வருஷமும்
கடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

புத்தூர் அட்டையில் இருப்பது என் கையெழுத்து.
‘புள்ள பொறந்தா பிரஷர் தானா எறங்கிடும்’
என்பதும் என் வாய்ச்சொல்தான், எத்தனை பேரிடம்.
இறங்கியது உண்மை.
எங்கே போய் இறங்கியது என்று
நான் போய்ப் பார்க்கவில்லை.

ஐம்பதுக்கு இரண்டு குறைவு அவளுக்கு.
தோள்பட்டை இறுக்குதுன்னா, தறி வலின்னு தைலம் தேச்சோம்
என்று மூத்தவள் யாரையோ கேட்பதுபோல் சொன்னாள்.

ஏழு என்று அழுத்தினேன்.
அடுத்த கட்டம் வயது கேட்டது, அதற்கடுத்தது ஆதார்.
வீக்கத்துக்குக் கட்டமில்லை.
சிக்னல் ஆந்திரக் கோபுரத்துக்கும் தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கும்
தாவிக்கொண்டே இருந்தது. தேசம்மாள் போய்ச் சேரவில்லை.

பங்கஜவல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள்.
என்துது அஞ்சு. நிக்காததையும் சேத்தா எட்டு.
நான் போன பொறவு எங்க வீட்டு ஆளும் ஒரு கணக்கு சொல்லும்.
இப்பவே எழுதிக்கோ.

உயிரோடு இருப்பவர்களை டேப் ஏற்காது.
பையிலிருந்து பிரஷர் பட்டையை எடுத்தேன்.
நீட்டினாள். முழங்கைவரை பஞ்சுத் துகள்.
பட்டை உப்பியது. ஒன்றும் கேட்கவில்லை.

ஓடிக்கொண்டிருந்த அந்த ஒற்றைத் தறியையும்
நிறுத்தச் சொன்னேன்.