பதினாலாம் நம்பர் பனியன்

ஆஸ்டின் டவுனிலிருந்து ஃபெலிக்ஸ் வந்திருந்தார்.
கையில் அளவு நாடா, பூதக்கண்ணாடி.
பனியனைக் கட்டிலில் விரித்தேன்.
மெரூன். வெள்ளைக் காலர்.
கையில் வ.ஆ. ஜில்லா லீக்.
நெஞ்சில்
பேரனாம்பட்டு யூத் கிளப்.

மூணு சுழி போட வேண்டிய இடத்தில்
ரெண்டோடு நிறுத்திவிட்டான் ஆம்பூர் அச்சுக்காரன்.
அந்த சீசன் முழுக்க
"பேரனுங்க வந்துட்டானுங்க, தாத்தா எங்கடா?"
என்று கத்தினார்கள்.
அந்தப் பிழைக்குத்தான் இன்று விலை
என்கிறார் ஃபெலிக்ஸ்.

எண்பத்தெட்டு.
தோல் ஏற்றும் லாரியில்தான் ஆட்டத்துக்குப் போவோம்.
உப்புத்தோல் மேல் தார்ப்பாய்,
தார்ப்பாய் மேல் நாங்கள்.
வேலூரில் இறங்கினால்
கோட்டை மைதானமே முகம் சுளிக்கும்.
வாஜித்தை ஒரு கையால்தான் மறித்தார்கள்,
இன்னொரு கை மூக்கில்.
பத்து கோல் போட்டிருந்தான் அரையிறுதிக்குள்.

நடுவில் டானரியை மூடினார்கள்.
திறந்தபோது
கோல்கீப்பர் தேவசகாயத்துக்கு மட்டும் வேலை இல்லை.
ஆனாலும் லாரியில் வந்து ஏறினான்.
குடியாத்தத்துக்காரன் அடித்த பெனால்டியை
காலி வயிற்றால் தடுத்தான்.

நான் பதினாலு.
பெஞ்ச் என்பது பேச்சுக்கு.
தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில்
ரெண்டு செங்கல்.

"ஆடினதா, ஆடாததா?"
ஆடினது என்றால் பதினெட்டாயிரம்.
ஆடாதது என்றால் ஆறு.
அடுப்படியிலிருந்து நவநீதம் எட்டிப் பார்த்தாள்.
பதினெட்டு
அவள் முகத்தில் ஒரு ஃபிரிட்ஜாக நின்றதை
நான் பார்த்தேன்.

ஃபெலிக்ஸ் பனியனைத் திருப்பினார்.
கீழ் மடிப்பில் ஒரு பச்சை.
கண்ணாடியை வைத்துக் குனிந்தார்.
"புல்லு!" என்றார், பிள்ளை பிறந்த மாதிரி.

அரையிறுதி. ஒரு கோல் பின்னால்.
ஆறு நிமிஷம் மிச்சம்.
ஜெயிக்கிற திமிரில் அவர்கள் பேக்
வேண்டுமென்றே பின்னால் உதைத்தான்.
கோட்டைத் தாண்டி, ஐஸ்காரனைத் தாண்டி,
அகழியில் விழுந்தது.
இருந்தது ஒரே பந்து.
ரெஃபரி கடிகாரத்தை நிறுத்தவில்லை.

"பதினாலு!"
ட்ரில் மாஸ்டர் எத்திராஜுலு
அந்த சீசனில் முதல் தடவையாக என் நம்பரைச் சொன்னார்.
எழுந்தேன்.
சாக்ஸை இழுத்துவிட்டேன்.
நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டேன்.
"இன்னாடா கும்புட்டுகினு நிக்கிற?
போய் பந்த எட்தா!"

பனியனைக் கழற்றிக் கல்லில் மடித்து வைத்தேன்.
நனைந்தால் சாயம் போகும்;
ஒருவேளை அப்புறம் இறக்கினால்?
"முதல கீது, பாத்துடா!" என்றது கூட்டம்.
முதலை இல்லை.
பாசி, பாசி, ஒரு செருப்பு,
அப்புறம் பந்து.

கார்னர்.
வாஜித் தலையால் முட்டினான். பதினொன்று.
எல்லாரும் அவன் மேல் விழுந்தார்கள்.
நான் சொட்டச் சொட்ட
பனியனை மாட்டிக்கொண்டு செங்கல்லில் உட்கார்ந்தேன்,
மறுபடி கூப்பிட்டால் தயாராக.

கூப்பிடவில்லை.
கூடுதல் நேரத்திலும் சமம்.
காசு சுண்டினார்கள்.
தலை கேட்டோம்.
அடுத்த வருஷம் ஜில்லாவையே ரெண்டாக்கிவிட்டார்கள்.

"புல்லுதானே சார்?"
ஃபெலிக்ஸின் பேனா காத்திருந்தது.
நவநீதம் கரண்டியோடு காத்திருந்தாள்.

"பாசி" என்றேன்.

நோட்டில் எழுதினார்:
ஆடாதது. கறை உண்டு. நாலாயிரம்.

கறைக்கு ரெண்டாயிரம் கழிவு!
"அது வாஜித்தோட பதினோராவது கோலு, சார்."
"இருக்கலாம். ஆனா உங்க பேரு
எந்த லிஸ்ட்டுலயும் இல்லையே."
வருத்தமாகத்தான் சொன்னார், நல்ல மனுஷன்.

"ஆறுன்னா பேசலாம்" என்றபடி
நவநீதம் டீயோடு வந்து
எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.
இனி அது அவள் ஆட்டம்.

அவர்கள் ஐந்தைத் தொட்டபோது
மடிப்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.
தோல் இல்லை. அகழி இல்லை.
பாச்சை உருண்டை.