அடித்துச் சாத்த ஒரு கதவு

அல் கானில் எங்களுக்கு மூன்று படுக்கையறை.
ஒன்றில் நான்.
ஒன்றில் செல்வின், தன் குறட்டையோடு.
மூன்றாவதில்,
போலந்துக்குப் படிக்கப் போன ஜெஃப்ரினின் கட்டில்மேல்
ஊருக்குக் கொண்டுபோகிற அட்டைப்பெட்டிகள்.
பதினொரு வருடமாகக் கொண்டுபோகிற பெட்டிகள்.

டீ ஆறுகிறது என்று
ஹாலிலிருந்து வாட்ஸப்பில் எழுதுவேன்.
நீலக் குறி இரண்டு விழும்.
ஆள் வரப் பத்து நிமிடம்.
சாப்பாட்டு மேசைக்கு எட்டு நாற்காலி;
அதில் ஆறில்
இஸ்திரி போடாத துணிகளே விருந்தாளி.

வாடகை ஏறுகிறதென்று நோட்டீஸ் வந்த அன்று
அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
அழவில்லை.
கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான்.
வருடத்தின் நான்கு காசோலைகளையும் கூட்டி
சதுர அடியால் வகுத்து
யாரும் படுக்காத அறைக்கு
மாதாமாதம் என்ன கொடுத்தோம் என்று பார்த்தேன்.
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் தொகையைச் சொன்னேன்.
குழாயை மூடினார்.

மேசையை வாங்க வந்த நர்ஸ் மேரிசெல்
நாற்காலிகளை எண்ணிவிட்டு
"நீங்கள் எட்டுப் பேரா?" என்றாள்.
நான் திருகாணிகளைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பெட்டிகளைப் பிரித்தோம்.
கல்லாகிவிட்ட பால்பவுடர்.
செல்வினின் சித்தப்பாவுக்கு வாங்கி,
சித்தப்பாவே போய்ச் சேர்ந்துவிட்ட
கோடாலித் தைலம், ஒரு டஜன்.
புலி போட்ட போர்வைகள் மூன்று;
பிரித்து உதறியதும் புலிக்கு நெற்றியில் மடிப்பு.
அவற்றை பிக்கப் ஓட்டிவந்த குல் ஜமானிடம் கொடுத்தேன்.
ஜூலை வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது அவருக்கு.
"ஸ்வாத்தில் டிசம்பர் வரும், பாஜி"
என்று வாங்கி சீட்டுக்குப் பின்னால் வைத்தார்.
வண்டி போனதும் தோள்பட்டையை ஒருமுறை தடவிப்பார்த்தேன்.
அங்கே எதுவும் இல்லை.

இப்போது அபு ஷகாராவில் ஒரு ஸ்டுடியோ.
அல் கான் பால்கனியில்
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விரலளவு கடல் தெரியும்.
இங்கே சலூன் பலகையின் பச்சை வெளிச்சம்.
அந்த விரலளவு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது,
பொய் சொல்லமாட்டேன்.
பெருக்கித் துடைக்க இருபது நிமிடம்.
முதல் வெள்ளிக்கிழமை மிச்சமான நேரத்தை
என்ன செய்வதென்று தெரியாமல்
தரையில் படுத்துக் காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி சண்டை.
தம்பிக்கு என்னைக் கேட்காமல் பணம் அனுப்பிய பழைய சண்டைதான்.
விருட்டென்று எழுந்தார்.
அடித்துச் சாத்த ஒரு கதவு வேண்டும் மனிதனுக்கு.
இங்கே இருப்பது இரண்டு.
ஒன்றைத் திறந்தால்
பதினோரு மணிக்கும் கொதிக்கிற ஷார்ஜா.
இன்னொன்று பாத்ரூம்.
அதற்குள் போய்ச் சாத்தினார்.

தாழ்ப்பாள் கேட்டது.
வாளியைக் கவிழ்த்து உட்காருவது கேட்டது.
பிறகு ஒரு மூச்சு,
பாதி வழியில் உடைந்து, மறுபடி எடுத்துக்கொண்ட மூச்சு.
இருபத்திரண்டு வருடத்தில்
இதை நான் கேட்டதில்லை.
அல் கானில் அவர் கோபம்
இரண்டு சுவருக்கு அப்பால் தனியே நடந்து முடிந்து
காலையில் டிபன் டப்பாவோடு
ஆபீஸ் போய்விடும்.

கதவருகில் நின்றேன்.
மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.
"எனக்கு அவசரம்" என்று வந்தது.
உள்ளே கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் வாளி அதிரும்படி ஒரு சிரிப்பு.

வீடியோவில் ஜெஃப்ரின் கேட்டான்:
"நான் வந்தால் எங்கேம்மா படுப்பேன்?"
போனைச் சுற்றிக் காட்டினேன்.
ஒரே சுற்றில் முடிந்துவிட்டது வீடு.
"ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில்" என்றார் இவர்.
"அதுதான் நல்ல இடம்" என்றான் அவன்.

குறட்டை அப்படியேதான் இருக்கிறது.
முன்பெல்லாம் அதற்காகத்தான் வேறு அறை.
இப்போது
அது நிற்கும்போது விழித்துக்கொள்கிறேன்.