இடது கால்

கீரிப்பாறையில் ரப்பர் மரம் ஏற்றி
குழித்துறை பிளைவுட் மில்லுக்கு, பதினாறு டன்.
பதினேழு வருஷம் பழைய வண்டி.
இந்த ஆடியிலிருந்து புது வண்டி.
கிளட்ச் இல்லை.

இல்லாததை மிதித்தேன் முதல் நாள்.
தடிக்காரன்கோணம் ஜங்ஷனில்
மீன்காரியின் ஸ்கூட்டர் குறுக்கே வர,
இடது கால் தன்பாட்டுக்குப் பாய்ந்து
பிரேக்கின் ஓரத்தில் விழுந்தது.
பின்னாலிருந்த மரமெல்லாம்
கேபினை ஒருமுறை தட்டிக் கேட்டன.
அவளும் கேட்டாள்:
"என்னவாக்கும் அண்ணே, உறக்கமா?"

"இனி எல்லாம் பெட்டியே பாத்துக்கிடும்"
என்றார் முதலாளி ஞானசிகாமணி.
பார்க்கத்தான் செய்கிறது.
சக்கரம் எத்தனை சுற்று, எஞ்சின் எத்தனை மூச்சு,
முதுகில் பாரம் எவ்வளவு, எல்லாம் தெரியும் அதற்கு.
வளைவுக்கு அப்பால்
நேற்று ராத்திரி மண் சரிந்து கிடப்பதை
யார் சொல்வார்?

எஸ்டேட் ஏற்றம். சாறல்.
இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு
நன்றாகத்தான் போனது.
திடீரென்று அதற்கு ஒரு தோணல்,
மூன்றாவது வேண்டுமென்று.
மாறுகிற அந்த அரை நொடி
எனக்கும் சொந்தமில்லை, எஞ்சினுக்கும் சொந்தமில்லை.
வேகம் செத்தது.
பின்சக்கரம் நின்ற இடத்திலேயே
செம்மண்ணை மாவாட்டியது.
கிளீனர் றெக்ஸன் குதித்திறங்கி
கல்லும் மரப்பட்டையும் திணித்தான்.
நான் லீவரைக் கைப்பக்கம் தள்ளி
'ஒண்ணுலயே கெட' என்று கட்டிப்போட்டேன்.
கிடந்தது. பைய ஏறியது.
முழங்கால்வரை சேறோடு வந்து உட்கார்ந்த றெக்ஸன்,
"இதுக்குப் பழசே கொள்ளாம்லா?" என்றான்.

ஆமென்று சொல்ல வாயெடுத்தேன்.

போன ஐப்பசி. இதே ரோடு, இறக்கம், பழைய வண்டி.
அன்றைக்கு றெக்ஸன் லீவு.
நாலிலிருந்து மூன்றுக்கு இழுத்தேன், விழவில்லை.
பல்லோடு பல் உரசுகிற சத்தம்.
நியூட்ரலில் பதினாறு டன்.
மிதிக்க மிதிக்கக் காற்று முள் சரிகிறது.
எதிரே பள்ளிக்கூட வேன்.
அதன் வைப்பரில் ஒரு ரப்பர் கிழிந்து தொங்கியதுகூட
இப்போதும் எனக்குத் தெரியும்.
மூன்றாவது எப்போது விழுந்தது என்பதுதான்
தெரியாது.
முதலாளியிடம்
கிளட்ச் தட்டு மாற்றிய பில்லை மட்டும் கொடுத்தேன்.

புதியது ஒருநாளும் கியரைத் தவறவிட்டதில்லை.
"பாப்போம்" என்றேன் றெக்ஸனிடம்.
அவன் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தான்.

இப்போது ஒரு ஏற்பாடு.
சப்பாத்து தாண்டி, அந்த வளைவு வரை
கியர் என் கையில்.
மேட்டில் ஏறியதும் அதனிடம் விட்டுவிடுவேன்.
தக்கலை நெரிசலில், மார்த்தாண்டம் நெரிசலில்
அது மாற்றுவதே தெரியாது.
நடைக்கு நானூறு மிதி என்று
ஒருநாள் எண்ணியிருக்கிறேன்.
இடது முட்டு இப்போது
மாடிப்படியில் முனகுவதில்லை.

கால்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.
வளைவு வந்தால் வெறும் தகரத்தை மிதித்துப் பார்க்கிறது.
ராத்திரியிலும் விடுவதில்லை.
நேற்று லில்லிபாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து
தன் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்:
"எத்தனாவது கியருக்காக்கும் போறிய?"

மூன்று என்றேன்.
"விழுந்தாச்சா?" என்றாள்.