ஏவல்

ஹீயுமா தீவில், படகுத்துறையின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால்
ஊர்வே முப்பத்தொரு வரி எழுதியிருக்கிறாள்.
ஐம்பத்திரண்டு வயதில் முதல் நிரல்.
வேலை ஒன்றுதான்:
காற்று பதினெட்டைத் தாண்டினால்
பலகையில் ‘கப்பல் இல்லை’ என்று எரிய வேண்டும்.

காற்றைக் கேட்டு வருவது அவள் நிரல் அல்ல.
அதற்கு ரைவோ எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்ட் ஒன்று
எட்டு வருடமாக அதே கம்ப்யூட்டரில் கிடக்கிறது.
ரைவோ இப்போது துர்க்குவில் கப்பல் கட்டுகிறான்.
அடுத்தவர் கடிதத்தைப் போல
அவள் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.
பிரிக்காமலே ஏவலாம் என்றது பாடப்புத்தகம்.

ஏவினாள்.
அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.
கண்ணெதிரே இருக்கிறது! ஆனால்
நிரல் நின்று தேடிய வாசல் வேறு.
முழு முகவரி கொடுத்தாள்.
அனுமதி இல்லை என்றது.
யாரிடம் கேட்பது, தனக்குத் தானே கொடுத்துக்கொண்டாள்.
கோப்பின் பெயர் ‘தூல் யா லைனே’,
காற்றும் அலையும்.
அவள் மொழியில் ‘உம்’ தனியாக நிற்கும்,
இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு.
இடைவெளி கண்ட இடத்தில் இயந்திரம் வெட்டியது.
காற்று எங்கே என்று மட்டும் கேட்டது,
அலையை மறந்துபோனது.
மேற்கோள் குறிக்குள் போட்டதும்
இரண்டும் பழையபடி ஒட்டிக்கொண்டன.

ஓடியது.
பலகையில் நேற்றைய காற்று.
அனுப்பின ஆள் திரும்பும் முன்னே
நிரல் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது.
வா, போ, எடு, கொடு
எல்லாம் எளிய ஏவல்கள்.
‘காத்திரு’ என்பதைச் சேர்க்க
அவளுக்கு இரண்டு இரவும் ஒரு கெட்டில் காப்பியும் ஆனது.

ஏவிவிட்டது ஏவியவர் மேலேயே திரும்பும்
என்று ஒரு பழைய அச்சம் உண்டு.
இங்கே
திரும்பாவிட்டால்தான் அச்சம்.

கடைசியில் போன மச்சான் திரும்பி வந்தான்,
பூவும் இல்லை மணமும் இல்லை,
கையில் ஒரு பூஜ்யம்.
பூஜ்யம் என்றால் நலம்.
ஒன்று, இரண்டு, நூற்றிருபத்தேழு எல்லாம்
விதவிதமான கேடுகள்.
கேட்டுக்கு அத்தனை எண் இருக்க
நலத்துக்கு இது ஒன்றுதானா என்று சிரித்தாள்.

ஜனவரியில் ஒரு விடிகாலை.
பலகை சொன்னது: காற்று இல்லை, ஐந்தரைக் கப்பல் உண்டு.
வெளியே கொடிக்கம்பம் ஊளையிட்டது.
பால் லாரி மேலிஸ் தொப்பியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்து
கண்ணாடியைத் தட்டினான்:
“உன் பலகைக்குக் காது இல்லையா?”
பனி ஏறி, காற்றுமானிக்குப் போகும் கம்பி அறுந்திருந்தது.
ஸ்கிரிப்டைக் கேட்டாள். நலம்.
மறுபடி கேட்டாள். நலம்.
‘கப்பல் இல்லை’ என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டு

அன்றுதான் பிரித்தாள்.
பதினான்கு வரி.
கம்பம் வாய் திறக்காவிட்டால் மூன்று முறை கேள்.
அப்போதும் இல்லையென்றால்
காற்று பூஜ்யம் என்று எழுது,
நலம் என்று சொல்லி முடி.
பக்கத்தில் # குறி போட்டு ரைவோவின் கிறுக்கல்:
பிழை என்றால் அவள் வீட்டுக்கு மணி அடிக்கும்.
இரவுப் படகுதான் கிடையாதே.
ஊர்வே தூங்கட்டும்.

எட்டு வருடம் முன்பு.
அந்தக் குளிர்காலம்.
கணவனின் கட்டிலுக்கும் இந்த ஜன்னலுக்கும் நடுவே
இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம்.
அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மேலிஸ் காப்பி கேட்டான்.
ஊற்றிக் கொடுத்தாள்.
திரும்ப வந்து உட்கார்ந்து
கடைசி வரியின் பூஜ்யத்தை ஒன்று ஆக்கினாள்.
கிறுக்கலை அழிக்கப் போன விரல்
விசையின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
எழுந்துகொண்டது.
அந்தக் குறி போட்ட வரியை
இயந்திரம் எப்படியும் படிக்காது.

வியாழக்கிழமை, இரவு மூன்று மணி.
தொலைபேசி அடித்தது.
ரைவோவை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே
இருட்டில் பூட்ஸைத் தேடினாள்.