தொய்வு

வெயிலில் கம்பி தொங்கும்.
சுமையிலும் தொங்கும்.
இரண்டும் சேரும் ஆகஸ்ட் மாலையில்
நாற்பத்தோராம் கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
சாலையிலிருந்து கம்பி எவ்வளவு உயரம் என்று
அளந்து எழுதுவது என் வேலை.

நாரின் ஆற்றுக்கு மேற்கே கோக்-செங்கிர்.
இந்தத் தடத்தை இழுத்தபோது
வீட்டுக்கு இரண்டு பல்பு, ஊருக்கு ஒரு ரேடியோ என்று
கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது.
ஊதா மை, ஓரத்தில் யாரோ வைத்த கோப்பையின் வட்டம்.

இன்று ஜிபார்குலுக்கு ராஸ்பெர்ரிக் குளிர்க்கிடங்கு.
ஆற்றை மேட்டுக்கு ஏற்றும் பதினேழு பம்பு.
மரம் அறுக்கும் ஆலை மூன்று, அதில் ஒன்று
இரவிலும் தூங்காது.
பனிக்காலத்தில் நிலக்கரியை விட்டவர்கள் எல்லாரும்
சுவரில் ஹீட்டர் மாட்டியிருக்கிறார்கள்;
அப்போது விளக்குகள் பழுத்த இலை நிறத்தில் எரியும்.

யார் மேலும் குற்றமில்லை.
அவரவர் வீடு, அவரவர் சுவிட்ச்.
ஆனாலும் அங்கே ஒரு கெட்டில் கொதித்தால்
இங்கே கம்பி ஒரு மயிரிழை இறங்குகிறது.
விளக்கு வைக்கும் நேரத்தில்
என் அளவுகோலில் ஐந்தே முக்கால் மீட்டர்.
விதி, ஏழு.

சதிபால்டி லாரியை முப்பதடி முன்னாலேயே நிறுத்தினான்.
உலர்புல் கட்டுகள், ஆறு அடுக்கு.
தொட வேண்டியதில்லை, கிட்டப் போனாலே
தாண்டி வந்து கடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.
எஞ்சினை அணைத்தான்.
சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு
"ஊர் தேநீர் குடித்து முடிக்கட்டும்" என்றான்.

ஒன்பது மணி. கம்பி அசையவில்லை.
வீட்டுக்குப் போன் போட்டான்:
"அடுப்படியில் என்ன செய்கிறாய்?"
"தண்ணீர் கொதிக்கிறது."
"இந்த நேரத்திலா?"
"நீ வந்ததும் குடிப்பாயே என்றுதான்."
அவன் என்னைப் பார்த்தான்.
நான் அளவுகோலைப் பார்த்தேன்.

மனுக்கள் பிஷ்கேக்குக்குப் போய்
மூன்று குளிர்காலம் அங்கேயே இருந்தன.
நான்காவதில் ஒரு வரி பதில் வந்தது:
கோபுரங்கள் அப்படியே. கம்பி மட்டும் மாறும்.

ஆறு நாள் மின்சாரம் இல்லை.
எமில்பெக் மேலே ஏறி
பழைய கம்பியின் வாலில் புதியதைக் கட்டினான்;
போகிறதே வருவதை இழுத்துக்கொண்டு வந்தது.
புதியதன் நெஞ்சில் கரிநார்.
எடை குறைவு, சூட்டுக்கு அவ்வளவாக நீளாது,
இரண்டு மடங்கு சுமக்கும் என்று
பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது.
நான் அச்சை நம்புகிறவள் இல்லை.

ஜிபார்குலின் டீசல் ஜெனரேட்டர் நான்காம் இரவில் நின்றது.
காலையில் கூடைகளைத் தலையில் அடித்துக்கொண்டு
எங்கள் முன்னால் வைத்தாள்.
"குழைந்துவிட்டது. விற்க முடியாது. தின்னுங்கள்."
பதினொரு பேர் தின்றோம்.
அன்று கோபுரக் கால்களில் எல்லாம்
சிவந்த கைத்தடம்.
ஈடு கேட்டு அவள் எழுதிய கடிதம்
இன்னும் மேசையில் இருக்கிறது, என் மேசையில்தான்.

கழற்றிய கம்பியை எடைக்குப் போட்டது போக
மிச்சத்தை யாரோ வெட்டி
ஆட்டுப்பட்டிக்கு வேலி கட்டியிருக்கிறார்கள்.
முதல் வாரம் ஆடுகள் கிட்டப் போகவில்லை.
இப்போது உரசிக்கொள்கின்றன.

முதல் மாலை, எல்லாக் கெட்டிலும் கொதிக்கும் வேளை:
ஏழரை மீட்டர்.
இரண்டு முறை அளந்தேன்.
சதிபால்டி நிற்காமல் போனான்,
கம்பிக்கு நேர் கீழே வந்ததும் ஒரு ஹாரன்.
வீட்டில் கேட்டிருக்கும்.

அடுத்த புதன்கிழமை மறுபடி வந்தான்.
கையாட்டினான், நானும் ஆட்டினேன்,
லாரி தாண்டிப் போன பிறகுதான் எண்ணினேன்:
ஏழு அடுக்கு.